இலக்கம் காட்டாத அழைப்பு

தெரியாத இலக்கத்தை எடுக்க வேண்டாம் என்று
டண்டினோங் நூலகத்தில் துண்டுப்பிரசுரம் தந்தார்கள்.
நல்ல தாள். வழுவழுப்பு.
தமிழில்கூட அச்சடித்திருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள்:
குடிவரவுத் திணைக்களம் அடித்தாலும்
இலக்கம் விழாது.
கள்ளனுக்கும் கந்தோருக்கும்
திரையில் ஒரே முகமூடி.

ஆகவே நான் எல்லாவற்றையும் எடுக்கிறேன்,
பதினொரு வருஷமாய்.
கோழி வெட்டும் ஆலையில்
ஈரக் கையுறையைப் பல்லால் கழற்றி,
குளியலறையில் கண்ணுக்குள் சவர்க்காரத்தோடு,
ஒருமுறை நிமலரூபனின் கலியாணத்தில்
தாலி ஏறுகிற நேரம், கெட்டிமேளத்துக்கு நடுவில்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு.
(அன்றைக்கு அடித்தவன் கூரைக்குச் சோலார் விற்கிறவன்.)

மன்னாரிலிருந்து மனுசி கேட்பாள்:
வந்ததா?
வந்தது.
என்னவாம்?
சோலார்.

எடுத்து எடுத்து எனக்கொரு காது முளைத்துவிட்டது.
ஹலோ சொன்ன பிறகு ஒரு மூச்சு மௌனம்,
அதற்குள் ஒரு 'டொக்'.
அது இயந்திரம்.
ஆயிரம் பேருக்கு ஒன்றாய் அடித்து
அகப்பட்டதை இழுக்கிறது, கரைவலை மாதிரி.
பிறகு சந்தை இரைச்சல்,
வரிப்பாக்கி, பிடியாணை,
பொலிஸ் வாசலுக்கு வந்துவிட்டது.
அன்பளிப்பு அட்டை வாங்கு,
முதுகைச் சுரண்டு, எண்ணை வாசி.
எந்த அரசாங்கம் ஐயா
பிறந்தநாள் அட்டையில் வரி அறவிடும்?

உன் கணினியில் கிருமி என்றான் ஒருவன்.
கணினி இல்லை, பழைய பிரிட்ஜ் ஒன்றுதான்,
அதிலும் இருக்கும், வந்து பார் என்றேன்.
அவனே வைத்துவிட்டான்.

ஆனால் தவச்செல்வம் சுரண்டினான்.
சூப்பர்மார்க்கெட் வாசலில் குந்தியிருந்து
இருபது சதக் குற்றியால்
ஆயிரத்து இருநூறு டொலர்.
விசாவை நிறுத்திவிடுவோம் என்றார்களாம்.
அவனைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.
அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு அவனுக்குச் சொன்னேன்:
மச்சான், அவசரப்படுத்தினால் வெட்டு.
எங்கட விஷயத்தில் அரசாங்கம்
ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.
இரண்டு மணித்தியாலம் தருகிறவன் கள்ளன்,
பதினொரு வருஷம் எடுக்கிறவன்தான் அசல்.

போன வியாழன், மூன்று பத்துக்கு ஒரு அழைப்பு.
டொக் இல்லை. இரைச்சல் இல்லை.
"எழில்வேந்தன் தானே?"

ழகரம் பிசகவில்லை.
இந்த நாட்டுக் கந்தோரில் எவரும்
என் பெயரைக் காயமில்லாமல் கடந்ததில்லை.
எசில், எலில், ஒருத்திக்கு நான் ஏஞ்சல்.
"உங்கட விசா சம்பந்தமாய்க் கதைக்க வேணும்,
பிறந்த திகதியைச் சொல்லுங்கோ."
வெட்டினேன்.

வெட்டிய பிறகுதான் கை நடுங்கியது.
மொழிபெயர்ப்பாளராய் இருக்குமோ?
ழகரம் வருகிறவன் கள்ளனாய் இருக்க மாட்டானோ?
திரும்ப அடிக்க இலக்கம் இல்லை.

துண்டுப்பிரசுரம், இரண்டாம் பக்கம்:
சந்தேகமென்றால் துண்டித்துவிட்டு
உங்களிடமுள்ள கடிதத்தின் இலக்கத்துக்கு
நீங்களே அழையுங்கள்.

அழைத்தேன்.
பியானோ.
ஐம்பத்திரண்டு நிமிஷம் பியானோ.
பிறகு ஒரு பெண் கேட்டாள்:
நீங்கள்தான் நீங்கள் என்று
எனக்கு எப்படித் தெரியும்?

நியாயம்தான்.
பிறந்த திகதி சொன்னேன். முகவரி சொன்னேன்.
இறங்கிய அன்று மணிக்கட்டில் கட்டிவிட்ட
படகின் மூன்று எழுத்தையும் என் இலக்கத்தையும்
பார்க்காமல் ஒப்புவித்தேன்.
பெயரை எழுத்தெழுத்தாய்க் கழற்றிக் கொடுத்தேன்.
லைனில் நில்லுங்கள் என்றாள்.
குரலில் துளி அவசரமில்லை.
அசல்தான்.

மறுபடி பியானோ.
நிற்கிறேன்.
அதற்குள் காதில் டிக், டிக் என்று
இன்னொரு அழைப்பு குறுக்கே வருகிறது.
போனை எடுத்துப் பார்க்கிறேன்.
இலக்கம் இல்லை.